ஏறி வர மிச்சம் வையுங்கள்
மின்சார சைக்கிளின் மோட்டார் உதவியும் பெட்டரிக் கணக்கும்



2022ஆம் ஆண்டில் பெற்றோல் செட்டுகளில் நின்ற வரிசையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மூலையில் கிடந்த சைக்கிள்களைத் தூசி தட்டி வெளியே எடுத்த நாட்கள் அவை. அதற்குப் பிறகு மோட்டார் பூட்டிய சைக்கிளும் மெல்ல மெல்ல மலைநாட்டுப் பக்கம் வந்துவிட்டது. டவுன் கடையில் வேலை செய்யும் தம்பிமார், ஸ்டோருக்கு இரவு வேலைக்குப் போகிறவர்கள், மரக்கறி கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் என்று சிலர் இதை வாங்கியிருக்கிறார்கள். இன்னும் சிலர் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

இது சின்னக் காசுக்கு வருகிற சாமான் இல்லை. தீபாவளி முற்பணம், சீட்டுக் காசு, நகை அடகு வைத்த காசு என்று சேர்த்துத்தான் வாங்குகிறோம். வாங்கி இரண்டு மாதம் போகவில்லை, "பெட்டரி நிக்க மாட்டேங்குது", "பாதி மலையில நின்னு போச்சு" என்ற பேச்சு வந்துவிடுகிறது. பாதி மலையில் நின்றால் என்ன ஆகும்? மோட்டாரும் பெட்டரியும் உள்ள சைக்கிளை இருட்டில் தள்ளிக்கொண்டு வரவேண்டும். காலையில் நின்றால் பிரட்டுக்குப் பிந்தி, முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஆனால் பல இடங்களில் பழுது சைக்கிளில் இல்லை. படியை மாற்றி ஓட்டுகிற பழக்கம் இல்லாததும், கணக்குத் தெரியாததும்தான் காரணம்.

எனவே இந்த முறை பாடம் மின்சார சைக்கிளைப் பற்றியது. வீட்டில் பாடசாலை போகும் பிள்ளை இருந்தால் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

1. மோட்டார் எப்படி உதவுகிறது?

நாம் இங்கே பேசுவது மிதித்து ஓட்டுகிற, பாரம் குறைந்த சைக்கிளைப் பற்றி. சைக்கிளின் நிறை 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். மிதிக்காமல் ஓடும் மின்சார ஸ்கூட்டர் வேறு சாமான்.

மின்சார சைக்கிளில் நாம் மிதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து தள்ளுகிறது. 1993ஆம் ஆண்டில் ஜப்பானின் யமஹா கம்பனி "பாஸ்" என்ற பெயரில் இப்படி ஒரு சைக்கிளை விற்பனைக்கு விட்டது. நம் கால் ஒரு பங்கு கொடுத்தால் மோட்டாரும் ஒரு பங்கு கொடுக்கும் என்பதுதான் அங்கே முதலில் இருந்த கணக்கு. 2008ஆம் ஆண்டில் ஜப்பான் சட்டத்தை மாற்றியது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம் வரை மோட்டார் இரண்டு பங்கு கொடுக்கலாம், அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 24 கிலோமீற்றரில் உதவி நின்றுவிட வேண்டும் என்று வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இந்த எல்லை 25 கிலோமீற்றர், மோட்டாரின் பலம் 250 வோட். கடைக்கு வரும் பல சைக்கிள்கள் இந்த அளவை ஒட்டியே செய்யப்படுகின்றன.

இந்தச் சைக்கிள்களில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, மிதி சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். சும்மா சுற்றினாலும் மோட்டார் அந்தப் படிக்கு உரிய பலத்தை முழுதாகக் கொடுக்கும். சாதாரண சைக்கிளில் பூட்டும் மோட்டார்கள் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாம் வகை, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்றும் பார்க்கும். பலமாக மிதித்தால் பலமாக உதவும், மெதுவாக மிதித்தால் மெதுவாக உதவும். இது பெட்டரியை மிச்சப்படுத்தும், விலையும் கூட.

உங்களுடையது எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. சமதரையில் உதவியை நடுப்படியில் வைத்து, பலம் கொடுக்காமல் மிதியைச் சும்மா சுற்றிப் பாருங்கள். சைக்கிள் தானாக இழுத்துக்கொண்டு ஓடினால் முதல் வகை. ஓட்டுகிறவரின் காலும் உழைக்க வேண்டும் என்பதை முதல் வகைக்காரர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் பெட்டரி தலையில்.

2. பெட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

பெட்டரி மேலே ஒட்டியிருக்கும் துண்டைப் பாருங்கள். வோல்ட் என்று ஓர் எண்ணும் அம்பியர் மணி என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வோட் மணி.

36 வோல்ட், 7 அம்பியர் மணி என்றால் 36 × 7 = 252 வோட் மணி.
36 வோல்ட், 10 அம்பியர் மணி என்றால் 36 × 10 = 360 வோட் மணி.

கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட் என்பது 1000 வோட் மணி. அப்படியென்றால் 360 வோட் மணி பெட்டரியை முழுதாக ஏற்றினாலும், சார்ஜரில் போகும் நட்டத்தையும் சேர்த்து, அரை யூனிட்டுக்கு உள்ளேதான். பெற்றோலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மலிவு என்று நீங்களே பாருங்கள். ஆனால் ஓடிய பாரமும், குறைந்த பலமும் பெட்டரியின் விலையில் வந்து சேரும். சைக்கிளில் பெரிய செலவு அதுதான். ஆகவே பெட்டரியைக் காப்பாற்றினால் காசைக் காப்பாற்றியதாகும்.

3. மலை எவ்வளவு கேட்கிறது?

விளம்பரத்தில் "60 கிலோமீற்றர் ஓடும்", "80 கிலோமீற்றர் ஓடும்" என்று போடுகிறார்கள். அது சமதரையில், மெலிந்த ஆள் ஒருவர், மிகக் குறைந்த படியில், நன்றாக மிதித்து ஓட்டினால் வருகிற தூரம். நமக்கு அது பொருந்தாது. நாம் தூரத்தைவிட உயரத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இது பௌதிகவியல் விதி, எந்தக் கம்பனி சைக்கிள் என்றாலும் மாறாது. ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 கிலோவை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 27 வோட் மணி வேண்டும். மோட்டார் மட்டுமே தூக்கினால் சூடாகிப் போகும் நட்டமும் சேரும். பெட்டரியிலிருந்து சுமார் 36 வோட் மணி போகும்.

ஓர் உதாரணம். ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர் உயரம். நுவரெலியா சுமார் 1870 மீற்றர். வித்தியாசம் 600 மீற்றர். இடையில் ஏறி இறங்குவதை எல்லாம் விட்டுவிட்டு இந்த உயரத்தை மட்டும் பார்த்தாலே, மோட்டார் தனியாகத் தூக்கினால் 6 × 36 = 216 வோட் மணி. 252 வோட் மணி பெட்டரி கிட்டத்தட்ட முடிந்துபோகும். "80 கிலோமீற்றர்" என்று சொன்ன பேச்சு என்ன ஆனது?

இப்போது நம் தோட்டத்துப் பாதைக்கு வருவோம். லயம் மேலே, டவுன் கீழே. இடையில் 6 கிலோமீற்றர் பாதை, உயர வித்தியாசம் 240 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். டவுனுக்குப் போகும்போது இறக்கம், மோட்டாருக்கு வேலையே இல்லை. திரும்பும்போது என்ன நடக்கிறது?

உயரம் தூக்க: 27 × 2.4 = சுமார் 65 வோட் மணி.
டயர் பாதையில் உருளுவதற்கு: 6 கிலோமீற்றருக்கு சுமார் 20 வோட் மணி.
மொத்தம்: 85 வோட் மணி.

இது சில்லுக்கு வந்து சேரவேண்டிய பலம். காலே வைக்காமல் மோட்டாரை மட்டும் நம்பினால், நட்டத்தையும் சேர்த்துப் பெட்டரியிலிருந்து சுமார் 113 வோட் மணி போகும்.

ஆகவே "டவுனுக்குப் போக பாதி, திரும்பி வர பாதி" என்ற கணக்கு நம் பக்கத்தில் பிழை. போகும்போது செலவு கொஞ்சம், வரும்போதுதான் செலவு முழுவதும். டவுனில் நிற்கும்போது பாதி பெட்டரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கக்கூடாது. மேலே ஏறுவதற்கு எவ்வளவு வேண்டும், அது இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் பாதையின் உயரத்தை அறிய, கைத்தொலைபேசியில் உயரம் காட்டும் வசதியைப் பயன்படுத்தலாம். காலையில் லயத்து வாசலில் ஒரு தடவை, டவுனில் ஒரு தடவை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். பத்து இருபது மீற்றர் பிசகினாலும் பரவாயில்லை.

4. மெதுவாக ஏறினால் ஏன் மிச்சம்?

ஓரளவு பழகிய ஆள் சிரமமில்லாமல் மிதித்தால் சுமார் 75 வோட் பலம் கொடுக்கலாம். ஒரு மணி நேரம் மிதித்தால் 75 வோட் மணி. இதை வைத்து, அதே 6 கிலோமீற்றர் ஏற்றத்தை இரண்டு விதமாக ஏறிப் பார்ப்போம்.

வேகமாக, மணிக்கு 15 கிலோமீற்றரில் ஏறினால் 24 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நம் கால் கொடுப்பது 30 வோட் மணி. மிச்சம் 55ஐ மோட்டார் கொடுக்க வேண்டும். நட்டத்தையும் சேர்த்துப் பெட்டரியில் குறைவது சுமார் 73.

நிதானமாக, மணிக்கு 10 கிலோமீற்றரில் ஏறினால் 36 நிமிடம் ஆகும். நம் கால் கொடுப்பது 45 வோட் மணி. மோட்டார் கொடுக்க வேண்டியது 40. பெட்டரியில் குறைவது சுமார் 53.

மலை ஒன்றுதான், பாரமும் ஒன்றுதான். 12 நிமிடம் முந்துவதற்காக 20 வோட் மணி கூடுதலாகச் செலவாகிறது. மெதுவாக ஏறும்போது கால் கூட நேரம் உழைக்கிறது, அதனால் மோட்டாரின் பங்கு குறைகிறது. கொழுந்துக் கூடையை மலையில் தூக்கி வருகிற நம் அக்காமாருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஓடி ஏறுகிறவர் பாதியில் நிற்பார், ஒரே நடையில் ஏறுகிறவர் மடுவத்துக்கு வந்து சேருவார்.

ஆனால் ஒரு கவனம். சில்லின் நடுவிலேயே மோட்டார் இருக்கும் வகை, அதாவது ஹப் மோட்டார், மிக மெதுவாகச் சுற்றும்போது நன்றாக வேலை செய்யாது. நடக்கிற வேகத்துக்கு இறங்கிய பிறகும் உயர்ந்த படியைப் போட்டு நெருக்கினால், கரண்டில் பெரும் பங்கு சூடாகத்தான் போகும். கம்பிச் சுருள் கருகிப்போகவும் கூடும். அப்படிச் செங்குத்தான இடத்தில் இறங்கிக் கொஞ்சம் தள்ளுவதே புத்தி. மிதிக்கட்டை இருக்கும் இடத்தில் மோட்டார் உள்ள சைக்கிள், கியரின் உதவியையும் பெறும். அதில் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு மாறிவிட வேண்டும்.

5. படிகளை எப்படி அமைப்பது?

ஹேண்டிலில் உள்ள சின்னத் திரையில் 1 முதல் 5 வரை படிகள் இருக்கும். சில சைக்கிளில் 3 படி, சிலவற்றில் 9. எண் கூடினால் உதவி கூடும். எப்போதும் 5இல் வைத்து ஓட்டுவதுதான் பெட்டரி சீக்கிரம் இறங்குவதற்கு முதல் காரணம். 5 படி உள்ள சைக்கிளுக்கு நாம் சொல்லும் ஒழுங்கு இது.

இறக்கத்தில்: 0. மோட்டார் வேண்டாம், பிரேக் மட்டும் போதும்.
சமதரையில்: 1. புறப்பட்ட கையோடு வேண்டுமானால் 2.
சாதாரண ஏற்றத்தில்: 2 அல்லது 3. மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மிதியுங்கள்.
குறுகிய செங்குத்து வளைவில்: 4 அல்லது 5. வளைவு முடிந்ததும் திரும்பவும் கீழே இறக்கிவிட வேண்டும்.

இறக்குவதைத்தான் பலரும் மறந்துபோகிறார்கள்.

கைத்தொலைபேசியோடு இணைகிற சைக்கிள்களில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு அளவுகளை நாமே மாற்றலாம். ஒன்று, உதவியின் விகிதம். நீங்கள் 75 வோட் மிதிக்கும்போது விகிதம் 100 சதவீதம் என்றால் மோட்டார் 75 கொடுக்கும். 200 என்றால் 150 கொடுக்கும். மற்றது, மேல் எல்லை. 250 வோட் மோட்டாருக்கு எல்லையை 60 சதவீதம் என்று வைத்தால், நீங்கள் எவ்வளவு பலமாக மிதித்தாலும் அது 150 வோட்டைத் தாண்டாது. பெட்டரியை நீண்ட ஏற்றத்துக்கு மிச்சம் பிடிக்க மேல் எல்லையைக் குறைப்பதுதான் நல்ல வழி. விகிதத்தை மட்டும் குறைத்தால் களைத்த நேரத்தில் உதவியும் சேர்ந்து குறைந்துவிடும். சில கம்பனிகள் விகிதத்தை வேறு விதமாகக் கணக்கிடுகின்றன. ஆகவே மற்றவர் சைக்கிளின் எண்ணைப் பார்த்து அப்படியே போடாதீர்கள்.

பூட்டிய மோட்டார்களின் திரையில் உள்ளே போனால் வேறு அமைப்புகளும் தெரியும். அவற்றில் மூன்றைக் கவனியுங்கள்.

சில்லின் அளவு: உங்கள் சில்லு 26 அங்குலமாக இருந்து திரையில் 20 என்று இருந்தால் வேகமும் தூரமும் பிழையாகக் காட்டும். பிழையான தூரத்தை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

பெட்டரி வோல்ட்: 36 வோல்ட் பெட்டரிக்கு 36 என்றே இருக்க வேண்டும். மாறியிருந்தால் திரையின் கோடுகள் பொய் சொல்லும்.

அம்பியர் எல்லை: இதை உயர்த்தினால் இழுவை கூடும் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். 36 வோல்ட்டில் 15 அம்பியர் என்றால் 540 வோட். உங்கள் பெட்டரி அதைத் தாங்குமா? பெட்டரியில் எழுதியுள்ள எல்லைக்கு மேல் இதை ஒருபோதும் உயர்த்தக்கூடாது. கூட்டினால் பெட்டரியும் வயரும் சூடாகும்.

அமைப்பை மாற்றும்போது ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் சின்னக் கொப்பியில் எழுதிவையுங்கள்: எந்தப் படி, எவ்வளவு சாமான், ஏற்றத்தின் அடியில் எத்தனை கோடு, வீட்டு வாசலில் எத்தனை கோடு. ஏழாம் நாள் உங்கள் பாதைக்கு எந்தப் படி சரி என்று அந்தக் கொப்பியே சொல்லிவிடும்.

இத்தோடு காசு செலவில்லாத வேலை இரண்டு. டயருக்குச் சரியான அளவு காற்று அடியுங்கள், அளவு டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். காற்றுக் குறைந்த டயர் பெட்டரியைத் தின்றுவிடும்.

6. திரையின் கோடுகளை எப்போது பார்ப்பது?

36 வோல்ட் லித்தியம் அயன் பெட்டரி முழுதாக ஏறியதும் சாதாரணமாக 42 வோல்ட் காட்டும். 30 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது தானாக நின்றுவிடும். ஆனால் ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும்போது வோல்ட் தற்காலிகமாகக் கீழே போகும். அப்போது இரண்டு கோடு காட்டும், இறங்கி நின்றால் மூன்று கோடாகிவிடும். ஆகவே இரண்டு நிமிடம் நின்ற பிறகு பார்ப்பதுதான் உண்மைக் கணக்கு.

பழைய பெட்டரியில் கடைசிக் கோடு சடாரென்று போய்விடும். எப்போதும் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். அதை வைத்துத் திட்டம் போடக்கூடாது.

குளிரிலும் பெட்டரியின் பலம் குறையும். தை மாதத்தில் உறைபனி விழும் நுவரெலியா பக்கத்தில் பெட்டரியை இரவில் வெளியே விடாமல் கழற்றி உள்ளே வையுங்கள். குளிரில் ஊறிய பெட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. காம்பராவின் சூட்டுக்கு வந்த பிறகே போட வேண்டும்.

7. லயக் காம்பராவில் சார்ஜ் போடும்போது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரே கூரை, ஒரே சுவர். பிள்ளைகளின் சான்றிதழும் அடையாள அட்டையும் உடுப்பும் ஒரு ராத்திரியில் சாம்பலாகிப்போகும் கதை மலைநாட்டுக்குப் புதிதல்ல.

* பெட்டரியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். 48 வோல்ட் பெட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் கொடுக்கும். அதை 36 வோல்ட் பெட்டரியில் மாட்டினால் ஆபத்து. முனை பொருந்துகிறது என்பதற்காக மாட்டக்கூடாது.
* தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். 2 அம்பியர் சார்ஜரில் 360 வோட் மணி பெட்டரி ஏற சுமார் 5 மணி நேரம். மாலை 4 மணிக்குப் போட்டால் 9 மணிக்குக் கழற்றிவிடலாம்.
* சீமெந்துத் தரையில் வையுங்கள். கட்டில், மெத்தை, துணி மூட்டை, விறகு, அடுப்புப் பக்கம் வேண்டாம். கதவுக்குப் போகும் வழியிலும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருக்க வேண்டும்.
* ஒரே பிளக்கில் ஹீட்டர், அயன், சார்ஜர் என்று தொங்கவிடாதீர்கள். இழுத்துக் கட்டிய வயரில் சார்ஜ் போடுவதைத் தோட்டத் தலைவர்மாரும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.
* மழையில் நனைந்து வந்தால் முனையைத் துடைத்துக் காயவிட்ட பிறகே சார்ஜ்.
* பெட்டரி வீங்கினால், கீழே விழுந்து உடைந்தால், வழமைக்கு மாறான மணமோ அதிக சூடோ வந்தால், சார்ஜ் போட வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியும் சாமான் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.
* தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியேற்றுங்கள், பக்கத்துக் காம்பராக்காரரை எழுப்புங்கள். சாமான் எடுக்க யாரும் உள்ளே திரும்பிப் போகக்கூடாது.

8. நம்மிடம் கேட்ட சில கேள்விகள்

"ஐயா, இறக்கத்துல போகும்போது பெட்டரி ஏறுமாமே?"

பெரும்பாலான பாரம் குறைந்த சைக்கிள்களில் ஏறாது தம்பி. கியர் உள்ள ஹப் மோட்டாரிலும், மிதிக்கட்டையில் உள்ள மோட்டாரிலும் அந்த வசதி இல்லை. கியர் இல்லாத சில பெரிய ஹப் மோட்டார்களில் மட்டும் கொஞ்சம் ஏறும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இறக்கத்தில் நமக்கு வேண்டியது நல்ல பிரேக். பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் பிரேக் பிடிக்க நேரமெடுக்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

"முழுசா இறங்கின பொறகுதான் சார்ஜ் போடணுமா?"

அது பழைய வகைப் பெட்டரிக்குச் சொன்ன கதை. லித்தியம் பெட்டரியை முழுதாக இறக்கினால்தான் கெடும். பாதியில் போடலாம், தினமும் கொஞ்சம் போடலாம். ஒரு மாதம் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதி அளவில் வைத்துவிடுங்கள்.

"பாவித்த சைக்கிள் ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமா?"

பெட்டரியை முழுதாக ஏற்றச் சொல்லி, உங்கள் ஏற்றத்திலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அண்ணே. டவுன் சமதரையில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். பொதுவாக 500 தடவை அளவு முழுதாக ஏற்றி இறக்கிய பெட்டரி ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். பதிவு, இலக்கத் தகடு, அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை காசு கொடுப்பதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு, உரிய பத்திரங்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

பெட்டரி 36 வோல்ட், 7 அம்பியர் மணி. பழையது, நான்கில் மூன்று பங்கு பலம்தான் இருக்கிறது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்க வேண்டும். அப்பா மேலே சொன்ன பாதையில் டவுனுக்கு இறங்குகிறார். டவுனுக்குள் ஆஸ்பத்திரி, வங்கி, கடை என்று 8 கிலோமீற்றர் ஓடுகிறார். அதை 5ஆம் படியில் ஓடினால் 50 வோட் மணி, 1ஆம் படியில் ஓடினால் 20 வோட் மணி செலவு.

(அ) அப்பா நம்பிச் செலவு செய்யக்கூடியது எவ்வளவு?
(ஆ) டவுனில் 5ஆம் படியில் ஓடிவிட்டு, மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பி ஏறினால் வீட்டுக்கு வர முடியுமா?
(இ) டவுனில் 1ஆம் படியில் ஓடி, நிதானமாக மிதித்து ஏறினால் ஒரே சார்ஜில் எத்தனை தடவை போய் வரலாம்?

விடை:
(அ) 36 × 7 = 252. அதில் நான்கில் மூன்று 189. அதில் ஐந்தில் நான்கு, சுமார் 151.
(ஆ) 151 − 50 = 101. ஏறுவதற்கு 113 வேண்டும். ஒதுக்கி வைத்ததில் கைவைக்காமல் வீட்டுக்கு வர முடியாது.
(இ) ஒரு தடவைக்கு 20 + 53 = 73. இரண்டு தடவைக்கு 146. ஆகவே இரண்டு தடவை போய் வரலாம்.

பெட்டரி அதே பழைய பெட்டரிதான், மலையும் அதே மலைதான். ஒரு விதமாக ஓட்டினால் வழியில் நிற்கும், இன்னொரு விதமாக ஓட்டினால் இரண்டு தடவை போய் வரும். புதுப் பெட்டரிக்குக் கடன் வாங்க முன்பு, இந்தக் கணக்கை உங்கள் பாதைக்கும் உங்கள் பாரத்துக்கும் போட்டுப் பாருங்கள். 100 கிலோ இல்லாமல் 80 கிலோ என்றால், 100 மீற்றர் உயரத்துக்கு 27க்குப் பதிலாக சுமார் 22 என்று போட வேண்டும்.

சைக்கிள் இல்லாத வீட்டினரும் சார்ஜ் பற்றிய பகுதியை மறக்க வேண்டாம். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெட்டரி உங்கள் கூரைக்குக் கீழேயும்தான் இருக்கிறது. வாசித்து முடித்ததும் இந்தத் தாளை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கொப்பியோடு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.